பாட்டில் கழுவின பையனும் துருப்பிடிக்காத துப்பாக்கியும்

இந்த இதழில் ஒரு மெட்டலர்ஜி ஆளைப் பற்றிப் பார்க்கப் போறோம். மெக்கானிக்கல், புரொடக்‌ஷன் பசங்க கண்டிப்பா படிங்க. மத்தவங்களும் படிக்கலாம், தப்பில்லை.

அமெரிக்காவில் டார்கெட் ஷூட்டிங் என்பது பலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு. நம்ம ஊர்ல செகண்ட் ஹேண்ட் பைக்கைச் சுத்திச் சுத்திப் பார்த்து வாங்குற மாதிரி அங்கே பழைய ரிவால்வரைப் பார்த்து வாங்குவாங்க. அதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவால்வருக்குத் தனி மவுசு உண்டு. சாதா எஃகுத் துப்பாக்கிக்குப் போடும் நீல நிறம் பெயின்ட் இல்லை. எஃகின் மேலேயே வேண்டுமென்று உருவாக்கின மெல்லிய ஆக்ஸைடு. தோல் உறையில் உரசி உரசி அது தேய்ந்துவிடும். அப்புறம் கை வியர்வை பட்டாலே போதும், துரு ஆரம்பிச்சிடும். ஸ்டெயின்லெஸ் ரிவால்வர் நாலு கை மாறி வந்தாலும் பெரும்பாலும் கீறல்தான் இருக்கும். அதையும் தேய்த்து எடுத்துடலாம்.

இந்த எஃகு பிறந்ததே ஒரு துப்பாக்கிப் பிரச்சினையில்தான். ஆனா அந்தப் பிரச்சினை துரு இல்லை. பிறந்த பிறகும் அது ஒரு ரிவால்வராக மாற 52 வருஷம் ஆச்சு. நடுவில் இருக்கிற மனுஷன் ஹாரி ப்ரியர்லி.

1871 பிப்ரவரி 18-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் பிறந்தவர். ஷெஃபீல்டு என்றால் கத்தி, கத்தி என்றால் ஷெஃபீல்டு. நம்ம திருப்பாச்சி அரிவாள் மாதிரின்னு வச்சுக்கோங்க. அப்பா ஜான், தாமஸ் ஃபர்த் அண்ட் சன்ஸ் கம்பெனியில் எஃகு உருக்கும் தொழிலாளி. அந்தக் காலத்தில் ஷெஃபீல்டில் எஃகைக் களிமண் குடுவையில் போட்டு உருக்குவாங்க. அந்தக் களிமண்ணை வெறுங்காலால் மிதித்துப் பதப்படுத்துவாங்க. உலையிலிருந்து குடுவையைத் தூக்குறவர் காலில் ஈரச் சாக்கைச் சுத்திக்கிட்டுதான் பக்கத்தில் போவார். எஃகு தயாரா இல்லையா என்று சொல்ல எந்தக் கருவியும் கிடையாது. உருக்குபவரின் கண்தான் கருவி.

வீட்டில் பிள்ளைகள் நிறைய, சம்பளம் குறைவு. 12 வயதில் பள்ளிக்கூடம் முடிந்தது. அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையிலேயே எடுபிடி வேலை. கொஞ்ச நாளில் அங்கிருந்த கெமிக்கல் லேபில் பாட்டில் கழுவும் பையனாகச் சேர்ந்தான். லேபில் இருந்த ஜேம்ஸ் டெய்லர் என்ற வேதியியலாளர் பையனுக்குக் கணக்கும் வேதியியலும் படிக்க வழிகாட்டினார். பகலில் பாட்டில், ராத்திரியில் மாலை வகுப்பு. டிகிரி எதுவும் இல்லாமலே ஹாரி எஃகு பகுப்பாய்வில் நிபுணர் ஆனார். 1895-ல் கல்யாணம். அடுத்த வருஷம் மகன் பிறந்தான். மகன் பெயரின் நடுவில் டெய்லர் என்று வைத்தார். அந்த ஆசிரியர் மேல் எவ்வளவு மரியாதை என்று இதைவிட என்ன சொல்ல?

இடையில் சில வருஷம் ரஷ்யப் பேரரசில் இருந்த ரிகா நகரில், ஃபர்த் கம்பெனியின் கிளைத் தொழிற்சாலையில் வேலை. 1905 புரட்சிக் கலவரத்தை எல்லாம் நேரில் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். 1908-ல் ஃபர்த் கம்பெனியும் ஜான் பிரவுன் கம்பெனியும் சேர்ந்து ஒரு ஆராய்ச்சிக் கூடம் ஆரம்பித்தன. தலைவர் பதவி ஒரு காலத்தில் பாட்டில் கழுவினவருக்கு.

1912-ல் அந்தக் கூடத்துக்கு ஒரு துப்பாக்கித் தயாரிப்பாளரிடமிருந்து கேள்வி வந்தது. ரைபிள் குழல்கள் சீக்கிரம் உள்ளே அரித்துப் போகின்றன, என்ன செய்யலாம்? ஒவ்வொரு தடவை சுடும்போதும் வெடிமருந்து வாயு பயங்கரச் சூட்டிலும் அழுத்தத்திலும் குழலுக்குள் பாய்கிறது. உள்ளே திருகு மாதிரி வெட்டியிருக்கும் பள்ளங்கள்தான் குண்டைச் சுழல வைத்து நேராகப் போக வைக்கின்றன. அந்த விளிம்புகள் கரைந்துபோனால் குறி தப்பும். ஆகவே கேட்டது சூட்டைத் தாங்கும் எஃகு. துருவைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

குரோமியம் சேர்த்தால் சூட்டைத் தாங்கும் என்று ப்ரியர்லி யோசித்தார். அளவை மாற்றி மாற்றி உருக்கிப் பார்த்தார். 1913 ஆகஸ்டு 13-ல் ஒரு மின் உலையில் உருக்கின எஃகில் குரோமியம் 12.8 சதவீதம், கார்பன் 0.24 சதவீதம்.

இங்கே ஒரு கதை எல்லா இடத்திலும் சுத்துது. தோற்றுப்போன துண்டுகளைக் குப்பையில் வீசினாராம், சில மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்று மட்டும் பளபளன்னு இருந்ததாம். கேட்க நல்லா இருக்கு. ஆனா அவர் வழி வேற. மைக்ராஸ்கோப்பில் எஃகின் உள்ளமைப்பைப் பார்க்கணும்னா முதலில் பாலிஷ் பண்ணி, ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம் போட்டு எட்சிங் பண்ணணும். நம்ம லேபிலும் அதேதான். இந்தத் துண்டு எட்ச் ஆக மறுத்தது. அமிலம் போட்டாலும் அசையவில்லை. நாமளா இருந்தா அமிலம் பழசாயிடுச்சுன்னு ரெக்கார்டில் எழுதிட்டுப் போயிருப்போம்! ப்ரியர்லி எலுமிச்சைச் சாற்றையும் வினிகரையும் கொண்டு வந்து சோதித்தார். அதுக்கும் அசையலை. கறை படிவதே இல்லையென்றால் இதில் சாப்பாட்டு மேசைக் கத்தி செய்யலாமே என்று உடனே தோணியது. ஷெஃபீல்டுக்காரர் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

காரணம் இன்று நமக்குத் தெரியும். குரோமியம் சுமார் 11 சதவீதத்தைத் தாண்டினால், காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்கே தெரியாத ஒரு ஆக்ஸைடு படலம் உருவாகிறது. கீறினால் மறுபடியும் அதுவே மூடிக்கொள்ளும். மேலே சொன்ன பழைய ரிவால்வரைத் தைரியமாகத் தேய்க்க முடிவது இதனால்தான்.

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும். முதல் ஆள் ப்ரியர்லி மட்டும் இல்லை. ஜெர்மனியில் க்ருப் கம்பெனி 1912-லேயே குரோமியம்-நிக்கல் எஃகுக்குக் காப்புரிமை கேட்டுவிட்டது. அமெரிக்காவில் எல்வுட் ஹேன்ஸும் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார். என் கணக்கில் ப்ரியர்லியின் பெருமை வேற: எட்ச் ஆகாத துண்டு எதுக்குப் பயன்படும் என்று பார்த்ததும், அதை விடாமல் பிடித்துக்கொண்டதும்.

ஏன்னா, யாரும் கண்டுக்கலை. கம்பெனிக்குத் துப்பாக்கிக் குழல்தான் முக்கியம். கத்தி யோசனையை ஓரம் கட்டினாங்க. மாதிரி எஃகை வாங்கிப் பார்த்த கத்தித் தொழிலாளிகளோ இதை அடிக்கவும் முடியாது, பதப்படுத்தவும் முடியாது, கூர் தீட்டவும் முடியாது என்று திருப்பி அனுப்பினாங்க. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று ஊரே கேலி பண்ணியது. உண்மையில் தப்பு வெப்பநிலையில். சாதா கார்பன் எஃகை 750, 800 டிகிரி செல்சியஸில் காய்ச்சித் தோய்த்தாலே கடினமாகிவிடும். இந்த எஃகுக்கு ஏறத்தாழ 1000 டிகிரி வேணும். தலைமுறை தலைமுறையாகச் சிவப்பு நிறத்தைப் பார்த்தே பழகின கண்கள் பாதி வழியில் நிறுத்தின. கடினமாகாத எஃகு துருவையும் சரியாகத் தாங்காது, கூரும் நிக்காது.

1914-ல் மோஸ்லி என்ற கத்திக் கம்பெனியின் மேலாளர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் முயன்று பார்த்தார். முதல் இரண்டு சுற்றும் தோல்வி. மூன்றாவது முறை ப்ரியர்லியே பக்கத்தில் நின்று வெப்பநிலையைக் கவனித்தார். கத்தி வந்தது. ப்ரியர்லி வைத்திருந்த பெயர் துருப்பிடிக்காத எஃகு. வினிகரில் போட்டுப் பார்த்து, கறைபடாதது என்ற பொருளில் ஸ்டெயின்லெஸ் என்று பெயர் மாற்றியது ஸ்டூவர்ட். நம்ம வீடுகளில் அதே எஃகுக் குடும்பம் எவர்சில்வர் ஆனது தனிக் கதை.

வியாபாரம் நடக்கும்னு தெரிஞ்சதும் கம்பெனி விழித்துக்கொண்டது. கண்டுபிடிப்பு யாருடையது? எங்க சம்பளம், எங்க உலை, ஆகவே எங்களுடையது என்பது கம்பெனி தரப்பு. கேட்டது குழல், கத்தி என் யோசனை, நீங்களே வேண்டாம்னு தள்ளியது என்பது ப்ரியர்லி தரப்பு. வெளியில் பெயரும் அவருக்கு வரவில்லை. 12 வயதிலிருந்து தெரிந்த கம்பெனியை 1915-ல் விட்டு விலகி, பிரவுன் பேலீஸ் என்ற இன்னொரு எஃகு ஆலைக்குப் போனார். 1916-ல் அமெரிக்கக் காப்புரிமையை அவர் பெயரிலேயே வாங்கினார். அதன் பிறகுதான் சமரசம். ஃபர்த்-ப்ரியர்லி என்ற கூட்டு அமைப்பு உருவானது. அமெரிக்காவில் ஹேன்ஸோடு மோதாமல் இருவர் உரிமையையும் ஒரே நிறுவனத்துக்குள் கொண்டு வந்தாங்க. பிளேஸ்மென்ட் ஆஃபர் லெட்டரில் கண்டுபிடிப்பு உரிமை பற்றி ஒரு பத்தி இருக்கும் பாருங்க, கையெழுத்துப் போடும் முன் அதை ஒரு தடவை படிங்க. சும்மா சொன்னேன்.

1920-ல் எஃகுத் துறையின் பெரிய கௌரவமான பெஸ்ஸமர் தங்கப் பதக்கம் கிடைத்தது. பிற்பாடு பிரவுன் பேலீஸில் இயக்குநர் ஆனார். 1941-ல் சுயசரிதை எழுதினார். அதே வருஷம் ஷெஃபீல்டு மக்களுக்காக ஒரு அறக்கட்டளையும் தொடங்கினார். 1948 ஜூலை 14-ல் கடலோர ஊரான டார்கீயில் இறந்தார். அதுவரை உலகில் ஒரு ஸ்டெயின்லெஸ் ரிவால்வர்கூட விற்பனைக்கு வரவில்லை.

அது வந்தது 1965-ல். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் மாடல் 60, ஐந்து குண்டு,.38 ஸ்பெஷல், சின்ன உருவம். ஏன் அவ்வளவு தாமதம்? ஸ்டெயின்லெஸ் எஃகை வெட்டுவதும் துளைப்பதும் கஷ்டம், டூல் சீக்கிரம் மழுங்கும். அதைவிடப் பெரிய தலைவலி, ஸ்டெயின்லெஸ் மேல் ஸ்டெயின்லெஸ் உரசினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். காலிங் என்பார்கள். ரிவால்வருக்குள் உரசாத பாகமே கிடையாது. எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கடினம் என்று பதம் பார்த்தால்தான் சரிவரும். கத்திக்கு ப்ரியர்லி பட்ட பாடு மாதிரியே.

மாடல் 60 உடம்போடு ஒட்டி, வியர்வையில் கிடக்கிற துப்பாக்கி. டார்கெட்டுக்கு அது தோதுப்படாது, குழல் குட்டை. 1980-களின் தொடக்கத்தில் வந்த மாடல் 686 மாதிரி கனமான, சைட்டைத் திருகிச் சரிசெய்யக்கூடிய ரிவால்வர்கள்தான் டார்கெட் ஆட்களுக்குப் பிடித்தவை. எடை அதிகம் என்பதால் உதைப்பு குறைவு. .357 மேக்னம் துப்பாக்கியிலேயே மென்மையான .38 ஸ்பெஷலையும் சுடலாம். வெயிலில் பளபளப்பு கண்ணைக் கூசும் என்பதால் உடம்பு வெள்ளியாக இருந்தாலும் சைட்டை மட்டும் கறுப்பாக வைப்பார்கள்.

இப்படி ஒன்றைப் பழசாக வாங்குபவர் வெளிப் பளபளப்பில் மயங்க மாட்டார். முதலில் துப்பாக்கி காலியா என்று சிலிண்டரைத் திறந்து இரண்டு தடவை பார்ப்பார். சுத்தியலை இழுத்து நிறுத்தும்போது சிலிண்டர் சரியான இடத்தில் பூட்டுகிறதா, முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று பார்ப்பார். அறைகளுக்குள் .38 சுட்டுச் சுட்டுப் படிந்த கரி வளையம் இருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் டார்ச் அடித்துக் குழலின் பின்வாயைப் பார்ப்பார். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளியில் ஒவ்வொரு தடவையும் சூடான வாயு பீறிடும். அந்த வாயும், அதற்கு நேர் மேலே இருக்கும் சட்டமும், ஸ்டெயின்லெஸ்ஸாகவே இருந்தாலும் காலப்போக்கில் அரித்துப் போகும். 1912-ல் ப்ரியர்லியிடம் கேட்கப்பட்ட கேள்வி இதேதான்.