வானொலிச் சிற்பி ஆர்ம்ஸ்ட்ராங்

இக்காலத்து அமெச்சூர் வானொலியன்பர் தாமே ஒரு கருவியைச் சமைக்கப் புகுங்கால், அவர் மேசைமீது உள்ளங்கையளவான பலகையொன்றும் அதனோடிணைந்த கணினியொன்றுமே பெரும்பாலும் காணப்படும். ஏரியலில் வந்து மோதும் அலைகளை அப்பலகை எண்களாக மாற்றுகின்றது. வேண்டாதன வடிகட்டுதலும் குரலைப் பிரித்தெடுத்தலுமாகிய எஞ்சிய தொழில்களைக் கணக்கே செய்கின்றது. மென்பொருள் வானொலி எனப்படும் இதன் மூலக்கருத்துக்களைத் தேடிச் செல்வோமாயின், அவற்றுட் சில, கணக்கைக் காட்டிலும் கைச்சோதனையையே பெரிதும் நம்பிய ஒருவரிடம் நம்மைக் கொண்டு சேர்க்கும். அவரே எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங். புகழும் துயரும் ஒருங்கே விரவியது அவர் சரித்திரம்.

அவர் 1890-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் நாள் நியூயார்க் நகரிற் பிறந்தார். தந்தையார் புத்தகப் பதிப்புத் தொழிலினர், தாயார் பள்ளியாசிரியை. இளமையில் நரம்பு நோயொன்று அவரைப் பற்றி வருத்தவே, பள்ளிப் படிப்புச் சில காலம் தடைப்பட்டது. பின்னர்க் குடும்பம் ஹட்சன் நதிக்கரையிலுள்ள யாங்க்கர்ஸ் என்னும் ஊரிற் குடியேறிற்று. மார்க்கோனியின் வெற்றிகளைப் புத்தகத்திற் படித்த அச்சிறுவர், கம்பியில்லாத் தந்தியே தம் தொழிலென்று உறுதி கொண்டார். மேன்மாடத்து அறையே அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று. ஏரியலைத் தாங்க 125 அடி உயரமுள்ள கம்பமொன்றைத் தோட்டத்தில் தாமே நிறுத்தி, அதன் உச்சிவரை அஞ்சாது ஏறி வேலை செய்தார்.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த 1912-ஆம் ஆண்டிலேயே அவர்தம் முதற் பெருங்கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. டி பாரெஸ்ட் அமைத்த மூன்று முனை வால்வு அப்பொழுது வழக்கிலிருந்தும், அஃது எவ்வாறு தொழிற்படுகின்றதென்பதைத் தெளிவாக அறிந்தோர் மிகச் சிலரே. ஆர்ம்ஸ்ட்ராங் அதனைப் பொறுமையோடு அளந்து ஆராய்ந்தார். வால்விலிருந்து வெளிப்படும் மின்னோட்டத்தின் ஒரு பகுதியை மீண்டும் அதன் உள்வாயிலுக்கே ஊட்டினார். நலிந்த ஒலி பன்மடங்கு பெருகிற்று. ஊட்டுதலை ஓரெல்லைக்கு மேல் மிகுக்கவே, அதே வால்வு தானே அலைகளை எழுப்பும் கருவியாயிற்று. கேட்கும் கருவியும் பேசும் கருவியும் ஒரே சுற்றினின்று தோன்றிய அற்புதம் இது. 1913-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் அச்சுற்றின் படத்தை வரைந்து, சான்றுறுதியாளர் முன் கையொப்பமிட்டு வைத்தார்.

முதல் உலகப்போரில் அவர் அமெரிக்கப் படையின் செய்தித்துறையதிகாரியாய்ப் பாரிஸ் நகரில் இருந்தார். மிக விரைந்து அதிரும் அலைகளை அக்காலத்து வால்வுகள் பெருக்க மாட்டா. ஆதலின், வரும் அலையோடு கருவிக்குள்ளேயே எழுப்பிய வேறோர் அலையைக் கலந்து, இரண்டின் வேறுபாடாகிய தாழ்ந்த அலையைப் பெற்று, அதனையே பெருக்கும் முறையை 1918-இல் வகுத்தார். இதுவே சூப்பர்ஹெட்டரோடைன். பிரான்சில் லெவி என்பாரும் ஜெர்மனியில் ஷாட்கி என்பாரும் ஏறக்குறைய அக்காலத்திலேயே இக்கருத்தை எட்டியிருந்தனர். எனினும் உழைப்பால் அதனைத் திறம்படத் தொழிற்படச் செய்தவருள் ஆர்ம்ஸ்ட்ராங்கே முதன்மையானவர்.

அமெச்சூர்களை அவர் ஒருகாலும் மறந்தாரல்லர். 1921-ஆம் ஆண்டு டிசம்பரில் அவரும் நண்பர் ஐவரும் கனெக்டிகட் நாட்டுக் கிரீனிச் நகரில் நிலையமொன்றை அமைத்துச் செய்தி விடுத்தனர். ஸ்காட்லாந்துக் கடற்கரையிலுள்ள ஆர்ட்ராசனில், கூடாரத்தில் அமர்ந்து சூப்பர்ஹெட்டரோடைன் கருவியாற் செவிமடுத்த காட்லி என்பார் அதனைத் தெளிவாகக் கேட்டார். பயனற்றவையென்று அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்ட சிற்றலைகள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்துவிட்டன!

இதற்கிடையில் மீளவூட்டும் சுற்று யாருடையதென்று டி பாரெஸ்டுடன் எழுந்த வழக்கு ஆண்டுக்கணக்காய் நீண்டது. 1934-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி பாரெஸ்டின் பக்கமே தீர்ப்பளித்தது. அதே சுற்றுக்காக வானொலிப் பொறியாளர் சங்கம் முன்னர்த் தமக்களித்த பதக்கத்தை ஆர்ம்ஸ்ட்ராங் திருப்பிக் கொடுக்க முற்பட்டார். சங்கத்தாரோ அதனை ஏற்க மறுத்து, அப்பெருமை அவருக்கே உரியதென மீண்டும் உறுதி கூறினர். நீதிபதிகள் மறுத்ததைத் தொழிலறிந்தோர் மறுக்கவில்லை.

இடியும் மின்பொறியும் எழுப்பும் இரைச்சலை ஒழிப்பதே அவர்தம் அடுத்த முயற்சி. அலையின் வீச்சை மாற்றாது அதிர்வெண்ணை மாற்றிக் குரலை ஏற்றுவதால் நன்மையில்லையென்று கார்சன் என்னும் கணித வல்லுநர் 1922-இல் எழுதியிருந்தார். குறுகிய மாற்றத்தையே அக்கணக்கு ஆராய்ந்தது. ஆர்ம்ஸ்ட்ராங்கோ மாற்றத்தை மிக விரித்துச் சோதித்தார், இரைச்சல் அடங்கிற்று. 1933-இல் உரிமைப் பத்திரங்கள் பெற்றார். 1935 நவம்பரில், யாங்க்கர்ஸில் ரன்யன் என்னும் அமெச்சூர் நண்பரின் வீட்டு நிலையத்திலிருந்து வந்த ஒலியை நியூயார்க்கிலே பொறியாளர் சபையிற் கேட்பித்தார். கிண்ணத்தில் நீர் வார்க்கும் ஓசையும் அருகிருந்து கேட்பதுபோற் கேட்டதாம். இதுவே இன்று நாமறிந்த எப்.எம். முறை.

ஆயினும் 1945-இல் அரசாங்கம் இம்முறைக்குரிய அலைவரிசையை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்திற்கு மாற்றவே, முன்னர் விற்ற கருவிகளெல்லாம் வீணாயின. 1948-இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின்மீது அவர் தொடுத்த வழக்கு அவர்தம் செல்வத்தையும் உடல்நலத்தையும் இல்லற அமைதியையும் கரைத்தது. 1954-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் இரவு, முதற்சுற்றுக்குச் சான்றுறுதி பெற்ற அதே நாளில், மனமுடைந்து தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்தோ! ஒருநாள் பொறுத்திருக்கலாகாதா என்று நெஞ்சம் இரங்குகின்றது. மனைவியார் மேரியன் அம்மையார் அவ்வாண்டிலேயே ஆர்.சி.ஏ.யுடன் உடன்பாடு கண்டு, ஏனைய வழக்குகளைத் தளராது நடத்தி, 1967-இல் இறுதி வெற்றியையும் பெற்றார்.

இன்று மென்பொருள் வானொலியில் ஒரு மாணவன் உள்வரும் எண்களை வேறோர் அலையின் எண்களாற் பெருக்குங்கால், பாரிஸில் பிறந்த கலத்தல் முறையையே செய்கின்றான். அலையின் கோணம் கணந்தோறும் எவ்வளவு மாறுகின்றதெனக் கணித்துக் குரலை மீட்குங்கால், யாங்க்கர்ஸ் மாடத்தில் வளர்ந்தவரின் எப்.எம். முறையையே மீட்கின்றான். வால்வுகள் மறைந்தன, வழக்குகள் மறைந்தன, முறைகள் நிலைத்தன. மாணவர்காள்! கணக்கைப் பழித்தலன்று ஆர்ம்ஸ்ட்ராங் புகட்டும் பாடம். எக்கணக்கு எதனை ஆராய்ந்தது, எதனை ஆராயாது விட்டது என்பதைக் கையாற் சோதித்தறிதலே அப்பாடம். அத்துணிவு நம்மவர்க்கும் வாய்ப்பதாக.