மரைக்கு அளவு தந்த மனிதர்

இந்தப் பட்டறையில் செய்த நட்டு அந்தப் பட்டறை போல்ட்டில் ஏறாது. இப்படியும் ஒரு காலம் இருந்தது!

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டப்படி மரை வெட்டியது. இயந்திரத்தில் ஒரு போல்ட் உடைந்தால், அதைச் செய்த பட்டறைக்கே ஆள் அனுப்ப வேண்டும். அந்தப் பட்டறை மூடிப் போயிருந்தால்? புதிதாக ஒன்று கடைந்து கொள்ள வேண்டியதுதான்.

இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் ஜோசப் விட்வொர்த்.

ஓடிப்போன பையன்

1803-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி, ஸ்டாக்போர்ட் நகரில் அவர் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். 14 வயதில் பையனை உறவினரின் பஞ்சாலைக்கு அனுப்பினார்கள். பையனுக்குப் பஞ்சு பிடிக்கவில்லை, இயந்திரம்தான் பிடித்தது. சில ஆண்டுகளில் ஆலையை விட்டு ஓடிப்போனார். மான்செஸ்டர் நகரில் சாதாரண மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்தார்.

1825-ல் லண்டனுக்குப் போனார். அங்கே ஹென்றி மாட்ஸ்லே என்பவரின் பட்டறை பேர்பெற்றது. அதில் வேலை பார்த்தார். 1833-ல் மான்செஸ்டருக்குத் திரும்பி, சொந்தப் பட்டறை தொடங்கினார்.

போல்ட் வேட்டை

விட்வொர்த் தாமாக ஓர் அளவைக் கற்பனை செய்யவில்லை. பல பட்டறைகளில் இருந்து போல்ட்டுகளைத் திரட்டினார். ஒவ்வொன்றிலும் அங்குலத்துக்கு எத்தனை மரை என்று எண்ணினார்; சராசரி எடுத்தார். அரை அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 12 மரை, ஓர் அங்குல போல்ட்டுக்கு 8 மரை. எல்லா மரைக்கும் சரிவு 55 டிகிரி. 1841-ல் இதை என்ஜினீயர்கள் சங்கத்தின் முன் வைத்தார். யாருடைய அளவும் முழுதாகத் தோற்கவில்லை அல்லவா? அதனால் மெல்ல மெல்ல எல்லோரும் ஏற்றுக் கொண்டார்கள்.

பிறகு அறுகோணக் குழல் கொண்ட துப்பாக்கி செய்தார். 1869-ல் பாரனெட் பட்டம் பெற்றார். 1887 ஜனவரி 22-ல் மாண்டிகார்லோவில் காலமானார்.

மில்லிமீட்டர் வந்தது

அவர் மறைந்து 11 ஆண்டுகளுக்குப் பின், 1898-ல், சூரிச் நகரில் பல நாட்டார் கூடி மில்லிமீட்டர் மரைக்கு அளவு வகுத்தார்கள். சரிவு 60 டிகிரி. ஆனால் ஒவ்வொரு பருமனுக்கும் இன்ன இடைவெளி என்ற வழி விட்வொர்த் காட்டியதே.

அந்த வழியால்தான் இன்று வீட்டில் மரை போடுவது எளிதாக இருக்கிறது. இரும்பில் முதலில் டிரில்லால் துளை போட வேண்டும். பிறகு டேப் என்ற கருவியை அதில் திருக வேண்டும். துளை பெரிதானால் மரை பிடிக்காது. சிறிதானால் டேப் முறிந்து உள்ளேயே சிக்கிக் கொள்ளும். அதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்!

சரியான பிட் எது? போல்ட்டின் பருமனில் இருந்து, ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளியைக் கழியுங்கள். எம் 6 போல்ட்டுக்கு இடைவெளி 1 மில்லிமீட்டர். ஆகவே 5 மில்லிமீட்டர் பிட். எம் 10-க்கு இடைவெளி 1.5, பிட் 8.5. எம் 8-க்கு இடைவெளி 1.25. கழித்தால் 6.75 வரும், கடையில் 6.8 என்று கேட்டு வாங்கலாம். எம் 8-லேயே 1 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட நெருக்க மரையும் உண்டு. அதற்கு 7 மில்லிமீட்டர் பிட். டேப்பின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டுக் கழிப்பது நல்லது.

பழைய இயந்திரமானால் இன்னும் கவனம் தேவை. விட்வொர்த்தின் 5/16 அங்குல போல்ட் பார்வைக்கு எம் 8 போலவே இருக்கும். பருமனில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதன் மரை அங்குலத்துக்கு 18. எம் 8 நட்டை அதில் மாட்டினால் முதல் சுற்றுகளிலேயே இறுகிவிடும். ஸ்பானரால் அழுத்தித் திருகினால் இரண்டின் மரையும் போய்விடும்.