பொறி பாயும் சுருள்

லாச்சப்பலில் இருந்து கார் து நோர் நிலையத்துக்கு நடந்தே போகலாம். அங்கே 4ஆம் இலக்க மெற்றோவில் ஏறி, சென் மிசேலில் இறங்குங்கோ. கொஞ்சம் மேலே நடந்தால் சொர்போன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஷம்போலியோன் வீதி என்று ஒரு ஒடுக்கமான வீதி வரும். இப்போது அங்கே ஆட்கள் படம் பார்க்கத்தான் போவார்கள். சின்னச் சின்னத் திரையரங்குகள் இருக்கின்றன. நூற்றெழுபது வருசத்துக்கு முந்தி அந்த வீதிக்குப் பெயரும் வேறு. அங்கே ஒரு பட்டறை இருந்தது. பட்டறைக்காரர் பெயர் ரும்கோர்ஃப்.

ஹைன்ரிக் டானியேல் ரும்கோர்ஃப் 1803ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி ஹனோவர் நகரத்தில் பிறந்தார். இப்போது அது ஜேர்மனியில் இருக்கிறது. பெரிய படிப்பு எதுவும் அவர் படிக்கவில்லை. ஒரு பட்டறையிலே தொழில் பழகினார். பிறகு ஊரைவிட்டு வெளிக்கிட்டு, கடைசியிலே பாரிசுக்கு வந்து சேர்ந்தார்.

ஜேர்மன் மொழியிலே அவருடைய பெயரை எழுதும்போது ஓர் எழுத்தின் தலையிலே இரண்டு புள்ளி வைக்க வேண்டும். பாரிசிலே அந்தப் புள்ளிகள் விழுந்துபோயின. உச்சரிப்பும் மாறிப்போய்விட்டது. உங்கள் வகுப்பிலேயும் ஆசிரியர் பெயர் கூப்பிடும்போது இப்படி நடப்பதுண்டு, இல்லையோ?

அவர் பாரிசிலே கருவிகள் செய்து விற்றார். விஞ்ஞானிகளுக்கு என்ன கருவி வேண்டுமோ, அதைச் செய்து கொடுப்பார். நல்ல கைப்பழக்கம். அதனாலே பேராசிரியர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

1831இல் மைக்கேல் பரடே என்ற ஆங்கிலேயர் ஒரு புதுமையைக் கண்டுபிடித்திருந்தார். ஒரு கம்பிச் சுருளிலே மின்னோட்டத்தைத் தொடக்கினாலோ நிறுத்தினாலோ, பக்கத்திலே தொடாமல் இருக்கிற இன்னொரு சுருளிலும் ஒரு கணம் மின் ஓடும். இரண்டுக்கும் நடுவிலே வேலை செய்வது காந்தம். இதை வைத்துப் பெரிய தீப்பொறி உண்டாக்கலாம் என்று பலர் முயற்சி செய்தார்கள். அயர்லாந்திலே நிக்கலஸ் கலன் என்ற பாதிரியார் 1836இலேயே ஒரு சுருள் செய்துவிட்டார். அமெரிக்காவிலே சார்ல்ஸ் பேஜ் செய்தார். பாரிசிலேயும் வேறு ஆட்கள் செய்தார்கள். ஆகவே ரும்கோர்ஃப்தான் முதல் ஆள் என்று சொன்னால் அது சரியில்லை. ஆனால் 1851இல் அவர் செய்தது போல நன்றாக வேலை செய்கிற சுருளை அதற்கு முன் பாரிசில் ஒருவரும் பார்க்கவில்லை.

அது எப்படி வேலை செய்யும்? நடுவிலே ஒரு கட்டு இரும்புக் கம்பி. அதைச் சுற்றித் தடித்த செப்புக் கம்பி, கொஞ்சச் சுற்றுத்தான். அதற்கு மேலே நூல் போல மெல்லிய செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. பற்றரியில் இருந்து தடித்த கம்பிக்குள்ளே மின் போனவுடனே இரும்புக் கட்டு காந்தமாகிவிடும். காந்தம் என்ன செய்யும்? முன்னாலே நிற்கிற சின்ன இரும்புச் சுத்தியலை இழுக்கும். சுத்தியல் அசைந்தால் மின் போகிற பாதை அறுந்துவிடும். மின் இல்லையென்றால் காந்தமும் இல்லை. உடனே சுத்தியல் பழைய இடத்துக்குப் போகும். திரும்பவும் மின், திரும்பவும் காந்தம். ஒரு செக்கனுக்குள்ளே இது பல தடவை நடக்கும். வண்டு இரைவதுபோல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். காந்தம் மறைகிற ஒவ்வொரு தடவையும் மெல்லிய கம்பியிலே மிகப் பெரிய மின்னழுத்தம் பிறக்கும். அந்தக் கம்பியின் இரண்டு நுனிகளுக்கும் நடுவிலே, வெறுங் காற்றைக் கிழித்துக்கொண்டு, நீல வெள்ளைப் பொறி பாயும்.

முதல் சுருளிலே பொறியின் நீளம் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர். அதற்கு மேலே கூட்டுவது லேசான வேலை இல்லை. மின் வெளியிலே பாயாமல் சுருளுக்கு உள்ளேயே ஒரு சுற்றில் இருந்து அடுத்த சுற்றுக்குப் பாய்ந்துவிடும். பாய்ந்தால் கம்பியின் காப்பு கருகிப்போகும்; நாட்கணக்காகச் சுற்றிய சுருள் ஒரு நொடியிலே பாழ். 1853இல் ஃபிசோ என்ற பாரிஸ் விஞ்ஞானி ஒரு வழி சொன்னார். வெள்ளீயத் தாளையும் சாதாரணத் தாளையும் மாறிமாறி அடுக்கி, சுத்தியலோடு இணைக்கும்படி சொன்னார். அந்த அடுக்குக்கு ஒடுக்கி என்று பெயர். அதை வைத்தவுடனே பொறி இன்னும் பலமாயிற்று. பிறகு 1857இல் அமெரிக்கரான ரிச்சி செய்த சுருள் ஒன்றை ரும்கோர்ஃப் ஆராய்ந்து பார்த்தார். தன்னுடையதைவிட அது திறம் என்று அவருக்கு விளங்கியது. அவர் வெட்கப்படவில்லை, தன் சுருளைத் திருத்தினார். கண்ணாடியைக் காப்பாக வைத்தார். பொறி 30 சென்ரிமீற்றரையும் தாண்டியது! உங்கள் அடிமட்டத்தின் முழு நீளம் அது. வீட்டுச் சுவரிலே இருக்கிற மின்னுக்கு 230 வோல்ற்றுத்தான். அந்த நீளத்துக்குப் பொறி பாய ஒரு இலட்சம் வோல்ற்றுக்கு மேலே வேண்டும். ஆளைக் கொல்லக்கூடியது. இதைப் படித்துவிட்டு ஒருவரும் வீட்டிலே செய்து பார்க்கக் கூடாது, கண்டீர்களோ!

அந்தக் காலத்துச் சனங்கள் பொறி பார்க்க ஆசைப்பட்டார்கள். காற்றை வெளியே எடுத்த கண்ணாடிக் குழாய்களை இந்தச் சுருளோடு இணைத்தால் பல நிறங்களிலே ஒளிரும். பக்கத்திலே காந்தத்தைக் கொண்டுபோனால் அந்த ஒளி வளைந்து கொடுக்கும். கடை வாசல்களிலே எரிகிற நியோன் விளக்கு அந்தக் குழாய்களின் பேரப்பிள்ளை.

1860இல் பாரிசிலே லெனுவார் என்பவர் எரிவாயுவாலே ஓடுகிற இயந்திரம் ஒன்று செய்தார். அதற்குள்ளே வாயுவைப் பற்றவைத்தது ரும்கோர்ஃப் சுருள்தான். இன்றைக்கும் பெற்றோல் கார் ஒவ்வொன்றிலும் அதன் தம்பி ஒருவர் இருக்கிறார். அப்பாவின் காரிலே 12 வோல்ற்றுப் பற்றரி. அதை ஆயிரக்கணக்கான வோல்ற்றாக்கிப் பொறி தட்டுவது அவர்தான். 1895இல் றொன்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டபோதும் அவருடைய மேசையிலே இந்தச் சுருள் இருந்தது.

1864இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ஏற்படுத்திய வோல்ற்றா பரிசு, 50,000 பிராங்க், ரும்கோர்ஃபுக்குக் கிடைத்தது. பட்டம் இல்லாத, வெளியூரில் இருந்து வந்த ஒரு பட்டறைக்காரருக்கு! அதே ஆண்டிலே ஜூல் வேர்ன் பூமியின் நடுவுக்குப் போகிற கதையை வெளியிட்டார். அதிலே வருகிறவர்கள் இருட்டிலே கொண்டுபோவது ரும்கோர்ஃப் விளக்கு. உங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் அந்தப் புத்தகம் இருக்கும், தேடிப் பாருங்கோ.

எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. தான் முன்னமே செய்ததற்கு இன்னொருவருக்குப் பரிசா என்று அமெரிக்காவில் பேஜுக்குக் கோபம். 1868இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அவருக்குக் காப்புரிமை கொடுத்தது. அயர்லாந்துப் பாதிரியாரைத்தான் பாவம், கனகாலம் ஒருவரும் நினைக்கவில்லை. பெயர் மட்டும் ரும்கோர்ஃப் சுருள் என்றே நின்றுவிட்டது.

இவ்வளவு பேர் எடுத்தும் அவர் பணக்காரராகச் சாகவில்லை. கிடைத்த காசை ஆராய்ச்சிக்கும் தருமத்துக்கும் செலவழித்துவிட்டார் என்று சொல்வார்கள். 1877ஆம் ஆண்டு டிசெம்பர் 20ஆம் திகதி பாரிசிலேயே இறந்தார். ஹனோவருக்கு அவரைக் கொண்டுபோகவில்லை. மொன்பர்னாஸ் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். அதே 4ஆம் இலக்க மெற்றோவில் இன்னும் கொஞ்சத் தூரம் போய், ராஸ்பாய் நிலையத்தில் இறங்கினால் அந்த மயானத்துக்கு நடந்து போகலாம்.