கப்பல் விட்டவரும் கரையில் நின்றவர்களும்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், தலைமைப் பண்பைப் பற்றி எழுது என்று சங்கச் செயலாளர் அண்ணன் போனில் சொன்னார். நான் மெக்கானிக்கல் படித்தவன். பம்பு, வால்வு, பாய்லர் என்றால் நாலு பக்கம் எழுதிவிடுவேன். தலைமையைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று தயங்கினேன். அப்போதுதான் ஹாஸ்டல் நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. இரவு மெஸ் முடிந்து மொட்டை மாடியில் உட்கார்ந்து நாம் அடித்த அரட்டையில் பாதி, யார் நல்ல தலைவர் என்பதுதானே! ஒருத்தன் கிரிக்கெட் கேப்டனைச் சொல்வான். ஒருத்தன் பெரிய கம்பெனி முதலாளியைச் சொல்வான். ஒரு நாள், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த நண்பன் ஒருவன் வ.உ.சி. என்றான். நாங்கள் சிரித்தோம். பள்ளிக்கூடத்தில் ரெண்டு மார்க் கேள்வியாக வந்தவர்தானே என்றோம். அவன் கோபப்படவில்லை. கப்பல் விட்டார், சரி, அந்தக் கப்பல் அப்புறம் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டான். எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை.

பல வருஷம் கழித்து அந்தப் பதிலைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒட்டப்பிடாரத்து வக்கீல்

வ.உ. சிதம்பரம் பிள்ளை 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வக்கீல். தாயார் பரமாயி அம்மாள். திருச்சியில் சட்டம் படித்து, 1895-ல் சொந்த ஊரிலேயே தொழில் தொடங்கினார். 1900-ல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். ஏழைகள் வந்தால் காசு வாங்காமலே வாதாடுவார். போலீஸ்காரர்களோடு அடிக்கடி மோதலும் வரும். வசதிக்குக் குறைவில்லாத வாழ்க்கை. பேசாமல் இருந்திருந்தால் நாலு வீடு வாங்கிப் பேரோடு வாழ்ந்திருக்கலாம்.

1905-ல் வங்காளத்தைக் கர்சன் பிரபு இரண்டாகப் பிரித்தார். சுதேசி இயக்கம் நாடு முழுக்கப் பரவியது. நம்மூரிலேயே துணி நெய்வோம், தீப்பெட்டி செய்வோம் என்று பலரும் கிளம்பினார்கள். வ.உ.சி. தன் ஊரைப் பார்த்தார். தூத்துக்குடியின் உயிர் அதன் துறைமுகம். அங்கிருந்து கொழும்புக்குப் போகும் ஆளும் சரக்கும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பலில்தான் போக வேண்டும். அவர்கள் வைத்ததுதான் கட்டணம். ஆகவே அதே கடலில், அதே வழித்தடத்தில், நம்மவர் கப்பல் ஓட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

இரண்டு கப்பல்கள்

1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சி. துணைச் செயலாளர். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் தந்தார். மற்றபடி சின்னச் சின்ன வியாபாரிகளும் ஊர்மக்களும் போட்ட பணம். பங்கின் விலையை 25 ரூபாயாக வைத்ததிலேயே அவர் மனசு தெரிகிறது. நாலு பணக்காரர்கள் சேர்ந்து நடத்துகிற கம்பெனியாக அதை அவர் நினைக்கவில்லை.

முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் கப்பலை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்குதல் கொடுத்தது, வாடகைக் கப்பல் கைநழுவியது. வ.உ.சி. அசரவில்லை. கொழும்பிலிருந்து வேறு கப்பலை அமர்த்திச் சமாளித்துவிட்டு, சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் போனார். கப்பலோடுதான் திரும்புவேன், இல்லாவிட்டால் கடலில் விழுந்து உயிரை விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம். 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு நீராவிக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளையும் ஆயிரக்கணக்கான மூட்டைச் சரக்கையும் ஏற்றக்கூடியது.

பொறியாளன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கப்பல் வாங்குவது சுலபம், ஓட்டுவதுதான் கஷ்டம். பத்துப் பேர் ஏறினாலும் ஆயிரம் பேர் ஏறினாலும் பாய்லருக்கு நிலக்கரி போட்டே ஆக வேண்டும். மாலுமிகளுக்குச் சம்பளம், துறைமுகக் கட்டணம், பராமரிப்பு என்று செலவு நிற்காது. எதிரி குறிவைத்ததும் அந்த இடத்தைத்தான். பெரிய கம்பெனி கொழும்புக் கட்டணத்தை இறக்கியது. சுதேசிக் கம்பெனியும் இறக்கியது. கடைசியில் அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்கிற அளவுக்கு வந்தார்கள். நூறு கப்பல் வைத்திருப்பவனுக்கு இரண்டு கப்பலின் நஷ்டம் தூசு. இரண்டே கப்பல் வைத்திருப்பவனுக்கு ஒவ்வொரு காலி இருக்கையும் ரத்தம்.

கோரல் மில் வாசலில்

இப்படிக் கழுத்துவரை நெருக்கடி இருக்கும்போது, நீங்களும் நானும் என்ன செய்வோம்? நம் வேலையை மட்டும் பார்ப்போம். புதிதாக யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டோம். வ.உ.சி. செய்தது நேர் எதிர்.

தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனியாரின் கோரல் மில் இருந்தது. விடிவதற்கு முன்னே போய் இருட்டிய பிறகு வீடு திரும்பும் வேலை. வார விடுமுறை கிடையாது. கூலியோ மிகக் குறைவு. 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினார்கள். தினமும் பொதுக்கூட்டம். வேலைக்குப் போகாத குடும்பங்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று ஊரில் பணம் திரட்டினார்கள். ஊரும் கூட நின்றது. தொழிலாளர்களுக்கு எதிராகப் பேசிய வக்கீல் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த நாவிதர், பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார் என்பார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. கல்கத்தாவில் அரவிந்தர் தம் பத்திரிகையில் இதைப் பாராட்டி எழுதினார்.

அந்த ஒன்பது நாளில் அவருக்குச் சொந்த லாபம் ஒரு பைசா இல்லை. சொல்லப்போனால் நஷ்டம்தான். அவருடைய அரசியல் கப்பல் கம்பெனி இயக்குநர்கள் சிலருக்கே பிடிக்கவில்லை. இது தெரிந்துதான் அவர் மில் வாசலில் நின்றார்.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு முகம் சுருங்கியது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு சைட்டில் கமிஷனிங் வேலையில் இருந்தேன். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இரண்டு மாசச் சம்பளம் வரவில்லை. என்னைவிட இருபது வயது மூத்த ஃபிட்டர் ஒருவர் வந்து, மேலே ஒரு வார்த்தை சொல்லுங்க சார் என்றார். பார்க்கலாம் அண்ணே என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். எனக்கு அந்த மாசம் ப்ரமோஷன் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் அவர் வேலைக்கு வரவில்லை. அப்புறம் நான் அவரைப் பார்க்கவே இல்லை. ஒரே ஒரு வார்த்தை, அதைக்கூட நான் சொல்லவில்லை.

செக்கும் சிறையும்

மில் விவகாரம் முடிந்த சில நாளிலேயே, மார்ச் 12 அன்று, வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொந்தளித்தன. திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். இரண்டு ஆயுள் தண்டனைகள், ஒன்று முடிந்து மற்றொன்று, ஆக மொத்தம் 40 ஆண்டுகள்! அப்போது அவருக்கு வயது 35. இன்று என் வயதும் ஏறக்குறைய அதுதான். தீர்ப்பைக் கேட்ட அவர் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கியது, கடைசிவரை தெளியவில்லை. மனைவி மீனாட்சி அம்மாள் கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு அப்பீலுக்காக அலைந்தார், மனு மேல் மனு போட்டார். பிற்பாடு அப்பீலில் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது.

கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய எண்ணெய்ச் செக்கை அவர் இழுத்தார். அந்தச் செக்கு இன்றும் சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. போனால் தம்பி தங்கைகள் அவசியம் பாருங்கள். அதன் பக்கத்தில் நின்றால் பேச்சு வராது. பிறகு கண்ணூர்ச் சிறை. அங்கே உடனிருந்த கைதிகளுக்குத் தமிழ் நீதிநூல்களைச் சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் அவருடைய மெய்யறம் என்ற நூல். ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஆலன் எழுதிய நூல்களையும் மொழிபெயர்த்தார்.

வெளியே கப்பல் கம்பெனி என்ன ஆனது? நண்பன் கேட்ட கேள்விக்கு இதோ பதில். வ.உ.சி. உள்ளே போனதும் அதைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. பங்குதாரர்கள் பயந்தார்கள். 1911-ல் கம்பெனி மூடப்பட்டது. எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கினார்களோ, அந்தக் கம்பெனியிடமே கப்பல் போய்ச் சேர்ந்தது.

1912 டிசம்பர் 24 அன்று அவர் விடுதலையானார். கைதான அன்று இரண்டு ஊர்கள் கொதித்தெழுந்தன. விடுதலையான அன்று கண்ணூர்ச் சிறை வாசலில் கூட்டம் இல்லை.

கடைசி இருபத்துநாலு வருஷம்

அதற்குப் பின் நடந்ததை நம் பாடப்புத்தகங்கள் ஓரிரு வரியில் முடித்துவிடும். வக்கீல் சன்னது பறிபோய்விட்டது. சொந்த மாவட்டத்துக்குத் திரும்ப முடியாமல் சென்னையில் குடியேறினார். மளிகைக்கடை வைத்துப் பார்த்தார், சரிவரவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியடிகளிடம் இருந்தது. அது பற்றி 1915-ல் இருவருக்கும் பல கடிதங்கள் போய் வந்தன. பல மாதம் காத்திருந்து 1916 தொடக்கத்தில் அவர் கைக்கு வந்த தொகை 347 ரூபாய் 12 அணா. லட்சங்களில் கம்பெனி நடத்திய மனிதர்!

இந்த வறுமையிலும் சென்னையில் தொழிற்சங்க வேலைக்குப் போனார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையன் ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர், நல்லது செய்த ஒரு வெள்ளையனைத் தன் வீட்டிலேயே நினைவு வைத்துக்கொண்டார். பிறகு கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில். 1936 நவம்பர் 18 அன்று, அவர் விருப்பப்படியே தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் உயிர் பிரிந்தது. கடைசியாக எழுதிய உயிலில் கடைகளுக்குக் கொடுக்க வேண்டிய சில்லறைக் கடன்களையும் மறக்காமல் குறித்திருந்தார்.

பின்னால் எல்லாம் வந்தது. 1961-ல் சினிமா வந்தது, 1972-ல் தபால்தலை வந்தது, 2011-ல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கே அவர் பெயர் வந்தது. அவர் மளிகைக்கடை வைத்திருந்த நாளில் இதில் பத்தில் ஒரு பங்காவது வந்திருக்கலாம்.

நாம் செய்யக்கூடியது

வ.உ.சி.யிடம் தலைமைக்குரிய குணத்தில் ஒரு குறையும் இல்லை என்பதே என் எண்ணம். கரையில் நின்று கைதட்டிய நம்மிடம்தான் குறை. எந்த எந்திரத்திலும் பளு முழுவதையும் ஒரே போல்ட்டில் ஏற்றக் கூடாது என்று நம் ஆசிரியர்கள் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு சமூகம் அப்படித்தான் ஏற்றியது. போல்ட் அறுந்ததும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

தம்பி தங்கைகளே, நீங்கள் எல்லோரும் தலைவராக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நியாயத்துக்காக ஒருவர் முன்னே போனால், நாலு பேராவது பக்கத்தில் நில்லுங்கள். அவர் விழுந்தால் போய்ப் பாருங்கள். என்னைப் போல் பார்க்கலாம் அண்ணே என்று நகர்ந்துவிடாதீர்கள்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் சந்திப்புக்கு வருகிறவர்கள் யார்? நல்ல நிலையில் இருப்பவர்கள்தான். வராதவர்களை யார் கேட்கிறோம்? அன்று மொட்டை மாடியில் அந்தக் கேள்வியைக் கேட்ட தூத்துக்குடி நண்பன், இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து சொல்லாமல் விலகிவிட்டான். வேலை போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். அட, பாவம் என்று நாங்கள் நாலு பேர் பேசிக்கொண்டோம். அதோடு சரி. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. போன வாரம் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். முதல் ஐந்து நிமிஷம் ரெண்டு பேருக்கும் சங்கடம். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம். கப்பல் என்ன ஆச்சு என்று கண்டுபிடித்துவிட்டேன்டா என்றேன். சிரித்தான்.

சந்திப்புக்கு வருவானா என்று தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அழைத்துப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் பேட்ச்சிலும் இப்படி ஒருவர் இருப்பார். மலரை மூடி வைத்துவிட்டு அவருக்கு ஒரு போன் செய்யுங்கள்.

வளர்க நம் கல்லூரி! வாழ்க நம் நட்பு!