கழிவுநீரில் கிடைத்த உயிர்காக்கும் மருந்து... யார் இந்த ஜுசெப்பே ப்ரோட்சு?

டாக்டர் தரும் மருந்துச் சீட்டில் செஃபிக்சிம், செஃபலெக்சின், செஃப்ட்ரியாக்சோன்னு 'செஃப்' என்று தொடங்கும் பெயர்களைப் பார்த்திருப்பீங்க. எல்லாமே செஃபலோஸ்போரின் என்ற ஒரே ஆன்டிபயாடிக் குடும்பம். இதன் கதை கழிவுநீர் கடலில் கலக்கும் ஒரு இடத்தில் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் ஜுசெப்பே ப்ரோட்சு.

யார் இவர்?

1895-ல் இத்தாலியின் சார்டினியா தீவில், கிலார்ட்சா என்ற ஊரில் பிறந்தார். மருத்துவம் படித்து, தீவின் தலைநகரான காலியாரியில் உள்ள பல்கலைக்கழகத்தில் சுகாதாரவியல் பேராசிரியரானார்.

கடலில் கிடைத்த துப்பு

1945. போர் முடிந்த நேரம். ஊரில் டைஃபாய்டு பரவிக் கொண்டிருந்தது. காலியாரியின் சு சிக்கு கடற்கரையில் கழிவுநீர் நேராகக் கடலில் கலந்தது. அங்கேயே குளித்தவர்களுக்கு நோய் அதிகம் வந்திருக்க வேண்டும் இல்லையா? ஆனா, அப்படி நடக்கல. ஏன் என்று யோசித்தார் ப்ரோட்சு. அந்தத் தண்ணீரை எடுத்து ஆராய்ந்ததில் ஒரு பூஞ்சை சிக்கியது. பெயர் செஃபலோஸ்போரியம் அக்ரிமோனியம். அதிலிருந்து கசிந்த பொருள், டைஃபாய்டு கிருமி உட்பட பல பாக்டீரியாக்களை வளர விடாமல் தடுத்தது.

கைகொடுத்த ஆக்ஸ்ஃபோர்டு

நோயாளிகளிடமும் நல்ல பலன் தெரிந்தது. ஆனா, மருந்தாக உருவாக்கப் பணமோ வசதியோ அவரிடம் இல்லை. 1948-ல் தன் துறை வெளியீட்டில் கட்டுரை எழுதினார். பெரும்பாலானோர் கண்ணில் அது படவே இல்லை. பிரிட்டன் மருத்துவ நண்பர் ஒருவர் மூலம் பூஞ்சை மாதிரி, பென்சிலின் புகழ் ஹோவர்ட் ஃப்ளோரியின் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வகத்துக்குப் போனது. அங்கே எட்வர்ட் ஆப்ரஹாமும் கை நியூட்டனும் செஃபலோஸ்போரின் சி-யைக் கண்டறிந்தனர். பென்சிலினைச் சிதைக்கும் பாக்டீரியா நொதியையும் இது தாங்கி நின்றதுதான் திருப்புமுனை. 1964-ல் முதல் மருந்தான செஃபலோதின் விற்பனைக்கு வந்தது.

ப்ரோட்சு பிறகு சார்டினியா பிராந்தியத் தலைவராகவும், காலியாரி மேயராகவும் இருந்தார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1976-ல் காலமானார். காலியாரியின் பெரிய மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்று எதற்குப் பயன்படுகிறது?

தோல், சிறுநீர்ப் பாதை, நுரையீரல் தொற்றுகள், டைஃபாய்டு, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றுக்குத் தரப்படுகிறது. ஆபரேஷனுக்கு முன் தொற்று வராமல் தடுக்கவும் ஊசியாகப் போடுவார்கள். எந்த நோய்க்கு எந்த 'செஃப்' என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எதில் கவனம் தேவை?

* சளி, ஃப்ளூ போன்ற வைரஸ் நோய்களுக்கு இது வேலை செய்யாது.
* பென்சிலின் அல்லது வேறு ஆன்டிபயாடிக் அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லிடுங்க. சிறுநீரகப் பிரச்னை இருந்தாலும் சொல்லணும், டோஸ் மாறலாம்.
* வயிற்றுப்போக்கு, குமட்டல், தோல் தடிப்பு வரலாம். மூச்சுத் திணறல், முகம் வீங்குவது போன்றவை ஆபத்து அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்குப் போகணும். வயிற்றுப்போக்கு கடுமையானாலோ ரத்தம் கலந்து போனாலோ டாக்டரைப் பாருங்க.
* பழைய சீட்டைக் காட்டி வாங்குவது, மிச்ச மாத்திரையைப் போடுவது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுப்பது எல்லாம் வேண்டாம். தேவையில்லாமல் போடப் போட, பாக்டீரியா மருந்துக்கு அடங்காமல் பழகிவிடும். ப்ரோட்சு கண்டெடுத்த மருந்து, உண்மையிலேயே தேவைப்படும் நாளில் நமக்கு வேலை செய்யாமல் போகலாம்.