வீதிக்கு விதி வகுத்தவர்

கார்த்திகை பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் வண்டிகள் பெருகிவிடும். நெரிசல் மிகும் நாட்களில், சபரிமலைக்குப் போகும் பக்தர்களின் வண்டிகளைப் போலீஸார் கம்பம்மெட்டு வழியாக அனுப்புகிறார்கள். திரும்புகிறவர்கள் குமுளி வழியாக இறங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் எதிரெதிரே சிக்கினால் என்ன கதி? அதைத் தவிர்க்கவே இந்த ஒருவழிப் பாதை.

இத்தகைய ஒழுங்குக்கு முன்னோடி ஓர் அமெரிக்கர். அவர் பெயர் வில்லியம் பெல்ப்ஸ் ஈனோ.

சிறுவன் கண்ட நெரிசல்

1858-ல் நியூயார்க்கில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார் ஈனோ. ஒன்பது வயதில் ஒரு காட்சியைக் கண்டார். வீதியில் குதிரை வண்டிகள் சிக்கி நின்றன. இருந்தவை ஒரு டஜன் வண்டிகள்தாம். ஆனால் யார் ஒதுங்குவது, யார் முதலில் போவது என்று வண்டிக்காரருக்கும் தெரியவில்லை, போலீஸாருக்கும் தெரியவில்லை. அந்தக் காட்சி அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை.

பிறந்தன விதிகள்

1900-ல் வீதிச் சீர்திருத்தம் வேண்டுமென்று பத்திரிகையில் எழுதினார். 1903-ல் அவர் வகுத்த விதிகளை நியூயார்க் நகரம் ஏற்றது. மெதுவாகப் போகும் வண்டி ஓரமாகப் போக வேண்டும். திரும்புமுன் சைகை காட்ட வேண்டும். இன்று குழந்தைக்கும் தெரிந்த இவை அன்று புதுமை! 1905-ல் கொலம்பஸ் வட்டத்தில் வண்டிகள் யாவும் ஒரே திசையில் சுற்றிவரும் முறை வந்தது. அதுவும் அவர் யோசனையே. பாரிஸ் நகரமும் அவர் யோசனையைக் கேட்டது.

வேடிக்கை என்னவென்றால், கார் ஓட்ட அவர் கற்றுக்கொள்ளவே இல்லையாம்! 1921-ல் போக்குவரத்து ஆராய்ச்சிக்கென ஒரு ஸ்தாபனம் கண்டார். 1945-ல் தமது 87-வது வயதில் காலமானார்.

நேரத்துக்கொரு திசை

அந்த ஒழுங்கு இன்று மேலும் வளர்ந்திருக்கிறது. சில நாடுகளின் பெருநகரச் சந்திப்புகளில் ஒரே தடம் காலையில் நேராகப் போகவும், மாலையில் திரும்பவும் பயன்படுகிறது. எந்தப் பக்கம் கூட்டம் அதிகமோ அந்தப் பக்கத்துக்கு இடம் கொடுப்பதே நோக்கம். மேலே தொங்கும் பலகையின் அம்புக்குறி அந்த நேரத்துத் திசையைச் சொல்லும். சந்திப்பை நெருங்குமுன்பே அதைப் பார்த்துத் தடம் பிடித்துவிட வேண்டும். தரையில் தொடர் கோடு வந்தபின் தடம் மாறக் கூடாது. தவறிவிட்டால் அந்தத் தடம் காட்டும் திசையிலேயே போய், அப்பால் சுற்றி வரலாம்.

கம்பம்மெட்டு மலைப்பாதைக்கும் இதுவே பாடம். நேற்று வந்த வழிதானே என்று எண்ணாமல், இன்று எந்தத் திசை என்று பலகையையும் போலீஸாரின் கையையும் பார்ப்போம். சற்றுச் சுற்றிப் போனாலும் பத்திரமாக வீடு சேரலாம்!