ஸ்டெப்ஸ் எங்கே? எக்ஸெல் ஷீட்டும் துறைமுக கிளார்க் ராமானுஜனும்

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, துறைமுகம் பக்கத்து ஷிப்பிங் ஆபீஸுக்குப் போகிற பலருக்கும் இந்தத் தலைவலி பழக்கம்தான். பவர் பிஐ ரிப்போர்ட்டில் மொத்தம், சதவீதம் எல்லாம் சரியாக இருக்கும். எக்ஸெலுக்கு எக்ஸ்போர்ட் செய்தால் எண்கள் மட்டும் வரும், ஃபார்முலா வராது. ஒரு வரியைத் திருத்தினாலும் கூட்டுத்தொகை அப்படியே நிற்கும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் இதே துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர், உலகத்துக்கே இப்படியொரு சிக்கலை விட்டுச்சென்றார். அவர் கணிதமேதை ராமானுஜன்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் கல்லூரிப் படிப்பு முடியவில்லை. 1912 மார்ச்சில் சென்னை துறைமுகக் கணக்குப் பிரிவில் கிளார்க் ஆனார். மாதச் சம்பளம் 30 ரூபாய்.

காகிதம் வாங்கக் காசில்லை. அதனால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்துவிடுவார். நோட்டில் ஏறுவது விடை மட்டும். மேலதிகாரி நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர். மற்றவர்களுக்குப் புரிய வேண்டுமானால் ஸ்டெப்ஸ் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் கடிதம் எழுதினார். வியந்துபோன ஹார்டியும் கேட்டது நிரூபணத்தைத்தான். 1914-ல் சென்னையிலிருந்தே கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1919-ல் உடல்நலம் குன்றி ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் 32 வயதில் இறந்தார்.

நோட்டுகளில் 3,000-க்கும் மேற்பட்ட முடிவுகள் இருந்தன. பெரும்பாலானவை சரி, சில தவறு. ஆனால் எது சரி, எது தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றையும் புதிதாக நிரூபித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட் அந்த வேலையை ஐந்து தொகுதிகளாக முடித்தபோது வருஷம் 1998.

ஆபீஸ் ஷீட்டுக்கும் இதே விதிதான். அடிப்படை டேட்டாவை ஒரு ஷீட்டில் அப்படியே எடுத்து வையுங்கள். மொத்தம், சதவீதத்தை இன்னொரு ஷீட்டில் ஃபார்முலாவாகவே எழுதுங்கள். வசதி இருந்தால் லைவ் கனெக்‌ஷன் கொடுத்து எக்ஸ்போர்ட் செய்யலாம், ரெஃப்ரெஷ் செய்தால் புது எண்கள் வரும்.

ராமானுஜனின் விடைகளுக்கு ஒரு பெர்ன்ட் கிடைத்தார். நம்ம ஷீட்டை நாளைக்குத் திறக்கப்போகிற சக ஊழியருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.